ஒரேயடிக்காரர்

ஒரேயடிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பெயரைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள். இவர் சண்டைக்காரர் இல்லை, வேட்டைக்காரர் இல்லை, கொசு அடிக்கும் மட்டையைக் கூடக் கையில் எடுத்தவர் இல்லை. "வந்ததே வந்தோம், ஒரேயடியா இதையும் முடிச்சிடலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஆயுளைக் கழிப்பவர், அவ்வளவுதான். பல் பிடுங்கப் போகிற வழியில் துக்கம் விசாரிப்பார். துக்க வீட்டில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கிறதே, தெரு ஜனமும் வந்திருக்கிறதே என்று குப்பை வண்டி ஏன் வரவில்லை என்பது பற்றிய கூட்டத்தை அங்கேயே ஆரம்பிப்பார். கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் எலக்ட்ரீஷியன் என்று தெரிந்தால் இறந்தவரின் தலைமாட்டு விளக்கைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, பிடுங்காத பல்லோடு வீடு திரும்புவார். பல் ஞாபகம் ராத்திரி வலிக்கும்போதுதான் வரும்.

இவரைக் கஞ்சர் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கஞ்சருக்கு ஒரு கணக்காவது உண்டு. இவர் தாராளமாகச் செலவழிப்பார், கடன் கேட்டால் கொடுப்பார், கொடுத்ததை மறந்தும் போவார். இவரால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளில் ஒரே ஒரு காரியம் நடப்பது.

எப்படி எனக்கு இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? என் தங்கையை இந்த இனத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

என் மைத்துனர் எலியோதோரோ எங்கள் ஊர் செலாயாவில் பெயிண்ட், ஆணி, குழாய் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறார். என் தங்கை கிரிசெல்தாவை அவர் கைப்பிடித்த அதே நாளில், அதே கோவிலில், அதே வாத்தியக் கோஷ்டியைக் கொண்டு, தன் அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளையும் தன் தம்பி முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மையையும் முடித்துக்கொண்டார். கல்யாணப் படத்தில் மூன்று ஜோடி தெரியும், தம்பி யாரோடு ஜோடி என்றுதான் தெரியாது. "வந்தவங்கள்ல பாதிப் பேரு கொழுந்தன் நன்மை வாங்கினதுக்கு என் கையைக் குலுக்கிட்டுப் போனாங்கண்ணா" என்று என் தங்கை இன்றைக்கும் சொல்லுவாள். தேனிலவுக்குக் கடற்கரைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது வண்டியில் அவளுக்கு உட்கார இடமில்லை, பெயிண்ட் டப்பா ஏற்றியிருந்தார்.

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் வசந்த காலத்தில் ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தார். கடவுளுக்கும் குறும்பு உண்டு என்று எனக்கு அன்றே தோன்றியது.

வசந்தம் எங்கள் ஊரில் எப்படிப்பட்ட காலம் என்பது உங்களுக்கே தெரியும். மார்ச் இருபத்தொன்றாம் தேதி பள்ளிப் பிள்ளைகள் தேனீ வேஷமும் பூ வேஷமும் போட்டு ஊர்வலம் போகும். அந்தச் சிறகு கழன்று விழுவதற்குள் புனித வாரம், பெரிய வெள்ளி, மகிமைச் சனி, ஈஸ்டர், இரண்டு வார விடுமுறை, அதற்குப் பின்னாலேயே ஏப்ரல் முப்பது சிறுவர் தினம். இத்தனைக்கும் நடுவில் யாரெட்சி பிறந்தாள். ஒரேயடிக்காரர் குழந்தையைக் கையில் வாங்கினார், முத்தம் கொடுத்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவள் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

முதல் வருஷமே பிறந்தநாளை மகிமைச் சனியோடு சேர்த்துவிட்டார். "சொந்தக்காரங்க எல்லாரும் எப்படியும் வரப்போறாங்க, ஒரேயடியா கேக்கையும் வெட்டிடலாம்" என்றார். நியாயம்தானே என்று நாங்களும் கேக்கைத் தின்றோம். ஆனால் ஈஸ்டர் ஒரு தேதியில் நிற்கிற பண்டிகையா? நிலாவைப் பார்த்து நடக்கிற பண்டிகை. ஒரு வருஷம் மார்ச் கடைசியில் வரும், இன்னொரு வருஷம் ஏப்ரல் இருபது தாண்டி வரும். அது போன இடத்துக்கெல்லாம் யாரெட்சியின் பிறந்தநாளும் பின்னாலேயே போனது. அந்தக் குழந்தைக்கு ஒரு வயது கூடப் பதினோரு மாதமும் ஆகும், பதின்மூன்று மாதமும் ஆகும். நாலாவது வயதுக்கு மகிமைச் சனியன்று அவருக்கு ஏதோ சரக்கு வரவேண்டியிருந்ததால் கொண்டாட்டம் பெரிய வெள்ளிக்கே முன்னேறியது. தவக்காலத்தில் கேக் ஏது? வெல்லப்பாகில் ஊறிய ரொட்டியும் திராட்சையும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் செய்வோமே, கபிரொத்தாதா, அதன் தலையில் நாலு மெழுகுவர்த்தியைக் குத்தினார். வழக்கப்படி எல்லாரும் "கடி! கடி!" என்று கத்த, பிள்ளையின் முகத்தை அதற்குள் அழுத்தியும் விட்டார்கள். மூக்கில் போன திராட்சையை எடுக்க டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. வந்ததே வந்தோம் என்று அவர் தன் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டார்.

போன வருஷக் கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. பள்ளியில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிப் பிறந்த தேதி கேட்டிருக்கிறார்.

"மகிமைச் சனி, டீச்சர்" என்றாளாம் யாரெட்சி.

"அது பண்டிகைம்மா. நீ பொறந்த தேதியச் சொல்லு."

"அது வருஷா வருஷம் மாறும், டீச்சர். எங்கப்பா காலண்டரப் பாத்துச் சொல்லுவாரு."

வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து பையைப் போட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டாள்: "எல்லாருக்கும் ஒரே தேதி நிக்குமாமே. எனக்கு மட்டும் ஏம்மா ஓடுது?" கிரிசெல்தா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அலமாரியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். ஏப்ரல் பதினொன்று. நான் அப்போது அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை தேதியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இது என்னோடதா? என்னோடது மட்டுமா?"

அன்றைக்கே அப்பாவிடம் விண்ணப்பம் போய்விட்டது. ஏப்ரல் பதினொன்றாம் தேதி, எட்டு வயது, எட்டுக் கை ஆக்டோபஸ் பின்யாத்தா, அதாவது கட்டித் தொங்கவிட்டுக் கம்பால் அடித்து உடைக்கிற காகிதக்கூழ் பொம்மை. வயிறு நிறைய மிட்டாய். கண்ணைக் கட்டிக்கொண்டு முதல் அடி அவள்தான் அடிக்க வேண்டும். வேறு எந்தப் பண்டிகையும் அன்றைக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது. "அப்படியே ஆகட்டும்டா செல்லம்" என்றார் எலியோதோரோ. ஒரேயடிக்காரர் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அங்கேதான் ஆபத்து.

இந்த வருஷம் மகிமைச் சனி ஏப்ரல் நாலாம் தேதி வந்தது. பதினொன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒரே ஒரு வாரம். ஒரு வாரத்தில் இரண்டு விழா! அவர் தூக்கம் போயிற்று. அதோடு எங்கள் தெரு யூதாஸைச் செய்யக் கொடுக்கிற முறையும் இந்த வருஷம் அவருடையதாகப் போயிற்று. வருஷா வருஷம் காகிதக்கூழில் கொம்பு வைத்துப் பேய் மாதிரி ஒரு யூதாஸ் செய்து, வெடியைச் சுற்றி, அந்த வருஷம் தெருவுக்கு யார் மேல் எரிச்சலோ அவர் பெயரை நெஞ்சில் மாட்டி, மகிமைச் சனி மத்தியானம் மணி அடிக்கும்போது கொளுத்திச் சந்தோஷப்படுவோம். யூதாஸ் செய்கிறவர் தோன் ப்ரிமிதீவோ; மரியாதைக்கு ஆண்களைத் தோன் என்போம், பெண்களைத் தோன்யா என்போம். பின்யாத்தா செய்கிறவரும் அவரேதான். இரண்டுக்கும் ஒரே கூழ், ஒரே பசை. இதற்குமேல் சொல்லவும் வேண்டுமா?

அன்று நானும் கூடப் போயிருந்தேன். போகிற வழிதானே என்று என் செருப்பையும் தைக்கக் கொடுக்க எடுத்துக்கொண்டார்.

"யூதாஸ் ஒண்ணு, ஆக்டோபஸ் ஒண்ணு. எழுதிக்கவா?" என்றார் தோன் ப்ரிமிதீவோ.

"எதுக்கு தோன் ரெண்டு? யூதாஸுக்கே எட்டுக் கை வெச்சிடுங்க. ஒரேயடியா முடிஞ்சுது."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "யூதாஸு வெடிக்கறதுக்கு. பின்யாத்தா அடிக்கறதுக்கு. வெடிக்கறத அடிச்சா என்னாகும்னு யோசிச்சியா?"

"மொதல்ல புள்ள அடிக்கட்டும், மிட்டாய் கொட்டட்டும். அப்புறமா வெடியக் கட்டிக் கொளுத்துறோம். என்ன தப்பு?"

"ஆண்டவரையே காட்டிக் குடுத்த பய. அவன் வயித்துல மிட்டாயா?"

"பசங்க வயித்துக்குத்தான போகப்போவுது. மச்சான், நீயே சொல்லு, நல்ல ஐடியாதான?"

இந்த இடத்தில் தாய்மாமனாகிய நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். பதினொன்றாம் தேதியைப் பற்றிச் சொன்னேனா? அந்த விரலைப் பற்றிச் சொன்னேனா? "கொம்பு மட்டும் வேணாம் மாப்ள, புள்ள பயப்படும்" என்றேன். இதுதான் நான் அவளுக்குச் செய்த உதவி.

வீட்டில் அவர் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! "பாப்பா, ஒனக்கு இந்த வருஷம் பொறந்தநாள் ஒரு வாரம் முன்னாடியே வருது!" என்று, ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னார்.

"பதினொண்ணு?" என்றாள் யாரெட்சி.

"பதினொண்ணுல என்னடா இருக்கு? நாலாம் தேதின்னா வாத்தியம், வெடி, தெரு ஜனம் பூரா ஒன் ஆக்டோபஸப் பாக்கும்."

அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். "ஏங்க, புள்ள பேசாம போறா" என்றாள் கிரிசெல்தா. "சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு" என்றார் இவர்.

சனிக்கிழமை காலை அந்த உருப்படி வந்து இறங்கியது. மிளகாய்ப்பழச் சிவப்பு. முறுக்கிய மீசை. கொம்பு இல்லை, அது என் புண்ணியம். எட்டுக் கை. ஒவ்வொரு கையிலும் தோளிலிருந்து விரல் வரை வரிசையாக வெடி, கம்பி போட்டு இறுக்கி, பசை தடவி ஒட்டியிருந்தது. அடித்து முடித்த பிறகு கட்டவேண்டிய வெடி முன்னாலேயே எப்படி வந்தது? வியாழக்கிழமை கடையில் நாலு வாடிக்கையாளருக்கு நடுவே நின்றுகொண்டு, தோன் ப்ரிமிதீவோவிடம் போனில் "எல்லாத்தையும் ஒரேயடியா அனுப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் அப்படியே செய்துவிட்டார். வார்த்தைக்கு மரியாதை கொடுக்கிற தொழிலாளி.

அவர்கள் வீட்டு மாடிக்கும் எதிர் மருந்துக்கடைக்கும் நடுவே கம்பி கட்டித் தொங்கவிட்டார்கள். தெருவே கூடியது. பிள்ளைகள் உயர வரிசையில் நின்றார்கள். யாரெட்சி வீட்டுக்குள்ளிருந்து இன்னும் வரவில்லை. கிரிசெல்தா தலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள்.

"இத்தன வெடி தொங்குது, புள்ள எப்படி அடிப்பா?"

"திரியில நெருப்பு வெச்சாத்தான வெடிக்கும். வயித்துல மட்டும் மெதுவா அடிக்கட்டும்."

"கண்ணக் கட்டிட்டு வயித்த மட்டும் எப்படிங்க அடிக்கிறது?"

"அப்ப கண்ணக் கட்ட வேணாம்."

வரிசையில் நின்ற பிள்ளைகள் கொதித்துப் போயின. கண் கட்டாமல் பின்யாத்தாவா! மருந்துக்கடைக்கார அம்மா தோன்யா எவோதியா கதவைப் பாதி இழுத்துக்கொண்டே கத்தினார்: "கம்பு பட்டு உரசி வெடிச்சா என் கண்ணாடிக்கு யாருப்பா பொறுப்பு?"

"சரி, கம்பும் வேணாம். கையால செல்லமா ஒரு தட்டு. அப்புறம் கொளுத்திடலாம்."

கவனித்தீர்களா? முதலில் தேதி போயிற்று. பிறகு கண்கட்டு போயிற்று. பிறகு கம்பு போயிற்று. கடைசியில் ஒரேயடிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அடி அடிக்க வழியில்லை.

அப்போதுதான் யாரெட்சி வந்தாள். புதுச் சட்டை போடச் சொல்லி எடுத்து வைத்திருந்ததைப் போடவில்லை, வீட்டில் போடுகிற பழைய சட்டையோடு வந்தாள். கையில் ஒரு அட்டை, அதில் கயிறு கோத்திருந்தது. நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, தூக்குங்க."

செல்லமாகத் தட்டத்தான் போகிறாள் என்று நினைத்துத் தூக்கினேன். அவள் தட்டவில்லை. அந்த அட்டையை யூதாஸின் கழுத்தில் மாட்டினாள், நேராக்கினாள், கீழே இறங்கிக்கொண்டாள். இந்த வருஷம் அங்கே மாட்டுவதாக இருந்தது எங்கள் தெருத் தண்ணீர்க் குழாயை மூன்று மாதமாக ரிப்பேர் செய்யாத ஆளின் பெயர். அட்டையில் இருந்த பெயர் வேறு. பச்சை க்ரயானில், குண்டு குண்டாக: எலியோதோரோ மல்தொனாதோ.

தெருவே சிரித்தது பாருங்கள், மருந்துக்கடைக் கண்ணாடி அப்போதே போயிருக்க வேண்டும். எல்லாரையும்விட முதலில் சிரித்தவர் எலியோதோரோதான். சிரித்துக்கொண்டே மறுபடி வாசித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

"பாப்பா, என்ன இது?"

"யூதாஸுக்குப் பேரு எழுதணும்ல. எழுதிட்டேன்."

"நான் என்னடா பண்ணினேன்?"

"அடுத்த சனிக்கிழம பதினொண்ணு. அது என்னோடது, குடுத்துடறேன்னு சொன்னீங்க. சொல்லிட்டு யூதாஸோட சேத்துட்டீங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தூக்கிச் சமாதானப்படுத்தி, ஒரேயடியாகச் சாப்பிடவும் வைத்திருப்பார். "நான் தட்ட மாட்டேன், அப்பா. இன்னிக்கு எனக்குப் பொறந்தநாள் இல்ல. நீங்க கொளுத்திக்குங்க."

அந்த நேரம் பார்த்துக் கோவில் மணி அடிக்க ஆரம்பித்தது. மணி அடித்தால் யூதாஸ் காத்திருக்க முடியாது. யாரோ திரியில் நெருப்பு வைத்தார்கள். கை கையாக வெடித்தது, எட்டுக் கையும் தீர்ந்த பிறகு வயிறும் போயிற்று. உள்ளே இருந்ததெல்லாம் எங்கள் ஊர்ப் பால்கோவா மிட்டாய், உருகிய மிட்டாய், தெரு முழுக்கச் சுடச்சுடப் பெய்தது. கூட்டம் மொத்தமும் சட்டையை உதறிக்கொண்டு ஓடியது. எலியோதோரோ மட்டும் நெற்றியில் ஒட்டிய மிட்டாயோடு அப்படியே நின்றார். அவர் கையில் வேறு காரியம் எதுவும் இல்லாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மச்சான், நான் அப்படியா?" என்று மெல்லக் கேட்டார்.

எட்டு வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைக்காது. "அட, விடு மாப்ள" என்றேன்.

ஆனால் அந்த மனிதர் விடவில்லை. அதற்காக அவரை நான் மெச்சத்தான் வேண்டும். ஏப்ரல் பதினொன்றாம் தேதி கடையை மூடினார். தோன் ப்ரிமிதீவோவிடம் கெஞ்சிக் கூத்தாடி நீல நிற ஆக்டோபஸ் ஒன்றை வாங்கிவந்திருந்தார், மீசை இல்லாதது, வெடி இல்லாதது. போனை அணைத்து என் தங்கையிடம் கொடுத்துவிட்டார். பாவம், அவர் அன்று பட்ட அவஸ்தை! ஒரு காரியம் மட்டுமே உள்ள நாளில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. கழன்று தொங்குகிற குழல்விளக்கைப் பார்ப்பார், ஸ்டூலைப் பார்ப்பார், கிரிசெல்தா முறைப்பாள், உட்கார்ந்துவிடுவார். யாரெட்சியின் கண்ணை அவரே கட்டினார். கம்பை அவரே கையில் கொடுத்தார். அவள் ஒன்பது அடி அடித்தாள், ஆறு காற்றில் போயின. ஒன்பதாவதில் ஆக்டோபஸ் பிளந்தது. மற்ற பிள்ளைகள் மிட்டாய்க்குப் பாய்ந்தபோது, அவள் கண்கட்டை அவிழ்க்காமல் அப்படியே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவரும் துடைத்தார், ஆனால் அவர் அதை மறைக்கவில்லை.

கண்கட்டு அவிழ்ந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, எனக்கு என்ன கொண்டு வந்தீங்க?"

"போன வாரமே குடுத்தேனே பாப்பா, அந்தக் கலர்ப்பெட்டி."

"அது யூதாஸுக்கு வந்தப்ப குடுத்தது."

"சரி விடுடா, முப்பதாம் தேதி சிறுவர் தினம் வருது. அன்னிக்கு ரெண்டுக்கும் சேத்து ஒரே..."

வாயை மூடிக்கொண்டேன். மூடி என்ன பயன்? கிரிசெல்தா என்னைப் பார்த்தாள். எலியோதோரோ என்னைப் பார்த்தார், பல வருஷம் கழித்துத் தன் சாதிக்காரனைக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு பார்த்தார். யாரெட்சி மட்டும் திரும்பிப் போனாள். போன மாதம் அப்பாவிடமிருந்து திரும்பிப் போனது போலவே போனாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், உங்கள் வீட்டில் அவரவர் தேதி அவரவரிடம் பத்திரமாக இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து நின்று ஏதோ கேட்டது. கதையிலிருந்து கண்ணை எடுக்காமலே "ம்" என்றீர்கள். அது என்ன கேட்டது?